பொறியியலா, இலக்கியமா? பிழையான கேள்விக்குப் பலியாகும் இளந்தலைமுறை

ஒவ்வோர் ஆண்டும் மார்கழி மாதத்தில் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்வி எழுகின்றது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியாகின்றன. 'ஏடார்' எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தரவரிசை எண் கைத்தொலைபேசித் திரையில் தோன்றுகின்றது. அந்த எண்ணைப் பார்த்த மறுகணமே, பிள்ளை அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு என்னவாக வாழ வேண்டும் என்பது தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. எண் மிக உயர்ந்திருந்தால் மருத்துவம். சற்றுக் குறைந்தால் பொறியியல். மேலும் குறைந்தால் கணினி. அதற்கும் கீழே கணக்கியலும் வணிகமும். மொழி, இலக்கியம், வரலாறு, ஊடகம் ஆகியன இந்தப் படிவரிசையில் இடம்பெறுவதேயில்லை. அவை "வேறொன்றும் கிடையாதவர்கள்" செல்லும் இடமாகவே கருதப்படுகின்றன.

இந்தப் படிவரிசை பிழையானது. அது பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் தீங்கு என்பதோடு, ஒரு மக்கள் கூட்டத்தின் எதிர்காலத்துக்கே இழைக்கப்படும் தீங்காகவும் வளர்ந்துள்ளது. 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000 க்கும் மேற்பட்டோர். 2016 இல் இத்தொகை 73,000 அளவிலேயே இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு வளர்ந்த ஒரு சமூகத்தில் பொறியியலாளருக்கும் மருத்துவருக்கும் கணக்காளருக்கும் குறைவில்லை. ஆனால் அந்தச் சமூகத்தின் துயரை நாட்டின் பெரும் நாளிதழ்களில் எழுதவும், அதன் வரலாற்றை ஆய்வு நூலாக்கவும், அதன் மொழியை அடுத்த தலைமுறைக்குத் தேர்ச்சியோடு கற்பிக்கவும் வல்லோர் எத்தனை பேர் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணுவதற்குள் பெயர்கள் தீர்ந்துவிடுகின்றன.

ஏக்கத்தின் வேர்

பெற்றோரின் இந்த விருப்பத்தை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிடுவது நீதியாகாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஒரு காயமும் உண்டு.

1970 களின் தொடக்கத்தில் இலங்கையில் தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தபோது, பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர் 400 க்கு 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமானவையாக இருந்தன. ஒரே வினாத்தாள், ஒரே நாடு, இரண்டு வாசல்கள். அந்த 23 புள்ளி இடைவெளியில் ஒரு தலைமுறையின் நம்பிக்கை புதைக்கப்பட்டது. மண்ணெண்ணெய் விளக்கின் முன் இரவிரவாகப் படித்துத் தகுதி பெற்றும் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், பறிக்கப்பட்ட அந்தப் பட்டத்தை வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் சுமந்தனர். பின்னர் போர் வந்தது. கடல் கடந்தனர். அந்நிய நாட்டில், மொழி தெரியாத இடத்தில், கையில் இருந்த ஒரே சொத்து தொழில்சார் தகைமையே என்பதைக் கண்டுகொண்டனர். அவுஸ்திரேலியாவின் திறன்சார் குடிவரவுக் கதவும் பொறியியலாளருக்கும் கணக்காளருக்கும் கணினியியலாளருக்குமே முதலில் திறந்தது.

ஆகவே, "பொறியியல் படி" என்று ஒரு தந்தை சொல்லும்போது, அவர் சொல்வதன் பொருள் "உன்னை எவரும் வாசலில் நிறுத்தி அவமதிக்கக் கூடாது" என்பதே. அந்த அன்பு மறுக்கப்பட வேண்டியதன்று. ஆனால் 1971 இல் ஏற்பட்ட காயத்துக்கு இன்று பரமற்றாவிலோ டண்டினோங்கிலோ பிறந்த பிள்ளையின் வாழ்வைக் கொண்டு மருந்திட முயல்வது எந்த வகையில் நியாயம்? பறிக்கப்பட்டது தெரிவு செய்யும் உரிமை. அதே உரிமையைப் பிள்ளையிடமிருந்து மீண்டும் பறிப்பது காயத்தை ஆற்றாது. அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும்.

மறக்கப்பட்ட மரபு

"தமிழன் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் வல்லவன், அதுவே எங்கள் மரபு" என்று சங்கக் கூட்டங்களில் அடிக்கடி முழங்கப்படுகின்றது. இது பாதி உண்மை. மறுபாதியை மறைப்பதால் இது ஆபத்தான உண்மையும் ஆகும்.

1823 இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் மாணவர் கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழ் இலக்கண இலக்கியமும் ஒரே கூரையின் கீழ்ப் பயின்றனர். ஒன்றைக் கற்க மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்று அங்கே எவரும் சொல்லவில்லை. அந்தச் செமினரியிலிருந்து வெளிவந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அவர் 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்தினார். அரச கணக்குப் பகுதியில் பணியாற்றினார். சட்டம் பயின்று நீதிபதியுமானார். இவ்வளவுக்கும் நடுவே ஏட்டுச்சுவடிகளைத் தேடியெடுத்துத் தொல்காப்பிய உரைகளையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். இன்றைய சிட்னித் தமிழ்ப் பெற்றோரின் அளவுகோலில் அவர் யார்? கணக்காளரா, ஊடகவியலாளரா, சட்டத்தரணியா, இலக்கியக்காரரா? அவர் இவை அனைத்துமாக இருந்ததனாலேயே அழிவின் விளிம்பில் நின்ற நூல்கள் பிழைத்தன.

சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் கற்பித்தவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தவரும் அவரே. 1947 இல் வெளிவந்த அவரது 'யாழ் நூல்', வழக்கொழிந்த ஓர் இசைக்கருவியைப் பழந்தமிழ் நூல்களின் துணையோடும் ஒலியியற் கணிதத்தின் துணையோடும் மீட்டெடுக்க முனைந்த பெருமுயற்சி. இலக்கியம் மட்டும் கற்றவரால் அந்நூலை எழுதியிருக்க முடியாது. விஞ்ஞானம் மட்டும் கற்றவருக்கு அதனை எழுத வேண்டும் என்ற எண்ணமே தோன்றியிருக்காது.

பேராசிரியர் க. கைலாசபதி 'தினகரன்' நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். செய்தியறையிலிருந்து பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் சென்று, தமிழ் வீரநிலைக் கவிதை குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து, 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். ஊடகமும் இலக்கியமும் ஒன்றையொன்று வளர்ப்பன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அவுஸ்திரேலிய மண்ணிலேயே சான்று வேண்டுமெனில், பேராசிரியர் சி.ஜே. எலியேசர் இருந்தார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் மேதை டிராக்கிடம் பயின்ற இந்தக் கணிதவியலாளர், 1968 இல் மெல்பேர்ணின் லற்றோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நாட்டுத் தமிழர் அமைப்புகளுக்கு முன்னோடியாகவும், தமிழர் நிலையை அவுஸ்திரேலிய அரசுக்கும் மக்களுக்கும் எடுத்துரைத்த குரலாகவும் விளங்கி 2001 இல் மறைந்தார். அவர் மதிக்கப்பட்டது கணிதம் அறிந்ததனால் மட்டுமன்று. அறிந்ததையும் உணர்ந்ததையும் அரங்கில் எடுத்துச் சொல்ல வல்ல மொழியும் அவரிடம் இருந்தது. இன்று அவரைப் போற்றும் பெற்றோர், அவரிடமிருந்த கணிதத்தை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்து, மொழியை மறுத்துவிடுகின்றனர்.

கணினியில் தமிழை ஏற்றியவர்கள் யார்?

"இது தொழினுட்ப யுகம், இலக்கியம் படித்து என்ன பயன்?" என்பது அடுத்த வாதம். இவ்வாதத்தை முறியடிக்கத் தொழினுட்பத்தின் வரலாறே போதும்.

இணையத்தில் தமிழ் தோன்றிய முதல் ஆண்டுகளில் அதற்காக உழைத்தோருள் முதன்மையானவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. அவர் ஒரு சிறுகதை எழுத்தாளர், தமிழ் விரிவுரையாளர். அவரது முயற்சியால் 1997 இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. சுவிற்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1998 இல் 'மதுரைத் திட்டம்' தொடங்கி, பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் பரந்த தன்னார்வலரைக் கொண்டு மின்வடிவாக்கினார். மலேசியாவில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை தொடங்கிய 'தமிழ்.நெட்' இத்தகையோர் கூடிய களமாக அமைந்தது. எழுத்தாளன் கணினியைக் கற்றான்; விஞ்ஞானி இலக்கியத்தை நேசித்தான்; இருவரும் சந்தித்த இடத்தில் தமிழ் திரையில் எழுந்தது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. அந்தச் சாம்பலுக்கு விடையாக 2005 இல் எழுந்த 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் வருடியெடுத்து எவரும் படிக்கத் தந்துள்ளது. எரிக்க முடியாத ஒரு நூலகத்தைக் கட்டுவதற்கு நிரலாக்கம் தேவைப்பட்டது. எந்த நூலைக் காக்க வேண்டும், அதனை எவ்வாறு வகைப்படுத்த வேண்டும் என்று அறிவதற்கு இலக்கிய அறிவு தேவைப்பட்டது.

இன்றைய செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் இத்தேவை பன்மடங்காகியுள்ளது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படுத்தும் குறியாக்க முறையில், ஆங்கிலத்தில் 'தமிழ்' என்று எழுத ஐந்து பைற்றுகள் போதும். தமிழில் 'தமிழ்' என்று எழுதப் பதினைந்து பைற்றுகள் வேண்டும். ஒரு வேர்ச்சொல்லோடு காலம், இடம், பால், வேற்றுமை என உருபுகள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும் மொழி தமிழ். ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்ட பொறிகள் இத்தகைய சொற்களைத் தாறுமாறாக வெட்டிச் சிதைக்கின்றன. இதனைச் சீர்செய்ய யாரால் முடியும்? நன்னூல் அறியாத நிரலாளரால் முடியாது. நிரல் அறியாத தமிழாசிரியராலும் முடியாது. இரண்டும் அறிந்த ஒருவரை உருவாக்க வேண்டிய வீடுகளிலேயே, "ஒன்றைத் தெரிவு செய், மற்றதை விடு" என்ற கட்டளை ஒலிக்கின்றது.

அரசின் விலைப்பட்டியலும் வீட்டின் விலைப்பட்டியலும்

கல்விக்கு விலைச்சீட்டு ஒட்டும் பிழையைத் தமிழ்ப் பெற்றோர் மட்டும் செய்யவில்லை. அவுஸ்திரேலிய அரசும் அதனைச் செய்தது.

2020 இல் நிறைவேற்றப்பட்டு 2021 இல் நடைமுறைக்கு வந்த 'வேலைக்குத் தயாரான பட்டதாரிகள்' திட்டத்தின்படி, அரச ஆதரவு பெற்ற இடங்களுக்கு மாணவர் செலுத்தும் தொகை தலைகீழாக மாற்றப்பட்டது. மொழிகளுக்கும் ஆங்கில இலக்கியத்துக்கும் ஆண்டுக்கு 3,950 டொலர். பொறியியலுக்கும் கணினியியலுக்கும் 7,950 டொலர். வணிகம், சட்டம், ஊடகத் தொடர்பாடல், வரலாறு போன்றவற்றுக்கு 14,500 டொலர். வரலாறும் தொடர்பாடலும் படிப்போரின் சுமை ஒரேயடியாக 113 விழுக்காடு உயர்ந்தது. விலைவாசியோடு அத்தொகையும் ஏறி, இன்று மூன்றாண்டு கலைப் பட்டம் ஒன்றின் செலவு 50,000 டொலரை எட்டிவிட்டது.

இதன் பயன் என்ன? விலையைக் கண்டு தம் விருப்பத்தை மாற்றிக்கொண்ட மாணவர் மிகச் சிலரே. உயர்கல்வியை ஆராய்ந்த பல்கலைக்கழக உடன்பாட்டுக் குழுவின் 2024 ஆம் ஆண்டு இறுதி அறிக்கை, இத்திட்டத்தைக் கைவிட்டு வேறு முறையைக் கொண்டுவருமாறு பரிந்துரைத்தது. பணத்தைக் காட்டி ஓர் அரசால் செய்ய முடியாததைத் தமிழ்ப் பெற்றோர் ஒரு முகச்சுளிப்பால் செய்து முடிக்கின்றனர் என்பதே இதிலுள்ள வேடிக்கை.

மேலும், பெற்றோரின் படிவரிசையும் அரசின் விலைவரிசையும் ஒன்றோடொன்று பொருந்தவுமில்லை. வீட்டில் "பாதுகாப்பானது" எனப்படும் வணிகப் படிப்பு உச்ச விலையில் உள்ளது. வீட்டில் "வீணானது" எனப்படும் மொழிப் படிப்பு அடிமட்ட விலையில் உள்ளது. காசுக் கணக்கையே வேதமாகக் கொள்ளும் பெற்றோர்கூட இந்தக் கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆக, இங்கே ஆட்சி செய்வது கணக்கன்று. அயலவர் என்ன சொல்வார்கள் என்ற அச்சமே.

ஐந்து புள்ளிக்கு விற்கப்படும் தமிழ்

விக்ரோறியா, நியூ சவுத் வேல்ஸ் ஆகிய இரு மாநிலங்களிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். 1935 இல் சனிக்கிழமை வகுப்புகளாகத் தொடங்கிய விக்ரோறிய மொழிகள் பாடசாலையில் இன்று தமிழும் கற்பிக்கப்படுகின்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மழலையர் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழுக்கும் பாடத்திட்டம் உண்டு. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் ஊதியம் கருதாது உழைக்கும் ஆசிரியர்கள் இதற்காகத் தம் வாழ்நாளை ஈந்துள்ளனர். இவை பெரும் பேறுகள்.

ஆனால் இப்பேறு எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது? விக்ரோறியாவில் பிறமொழிப் பாடங்களுக்குத் தரவரிசைக் கணிப்பின்போது சராசரியில் ஐந்து புள்ளிகள் கூட்டப்படுகின்றன. இந்த ஐந்து புள்ளிக்காகவே பிள்ளையைத் தமிழ் எடுக்கச் செய்யும் குடும்பங்கள் பல. பரீட்சை முடிந்த மறுநாள் தமிழ்ப் புத்தகம் பெட்டிக்குள் போகின்றது. பின்னர் அது திறக்கப்படுவதேயில்லை. புள்ளி கூடாது என்று கணக்கிடப்படும் இடத்தில், பத்தாண்டுகள் கற்ற மொழி பதினோராம் வகுப்பு வாசலிலேயே கைவிடப்படுகின்றது. மருத்துவ பீடத்துக்கு ஏறும் ஏணியின் ஒரு படியாகத் தமிழ் மிதிக்கப்படும்போது, பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே: பயன் தரும்வரை வைத்திரு, பின் எறிந்துவிடு. நாளை அதே பாடத்தை அப்பிள்ளை முதுமையில் வாடும் பெற்றோருக்கும் பொருத்திப் பார்த்தால் யாரை நோவது?

இருக்கைக்குப் பணம் உண்டு, அமர்வதற்குப் பிள்ளை உண்டா?

உலகத் தமிழர் ஒன்றுதிரண்டு ஹாவாட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைப்பதற்கு வேண்டிய ஆறு மில்லியன் டொலரை 2018 இல் திரட்டி முடித்தனர். 2015 இல் தலைக்கு ஐந்து இலட்சம் டொலர் ஈந்து அம்முயற்சியைத் தொடக்கி வைத்தவர்கள் இரு மருத்துவர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துத் தமிழ் இருக்கைக்கான மூன்று மில்லியன் டொலரும் 2021 இல் நிறைவடைந்தது. இவை போற்றுதற்குரிய பணிகள்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. நன்கொடை அளித்த எத்தனை பெற்றோர் தம் பிள்ளை தமிழாய்வாளராவதற்கு மனமுவந்து விடைகொடுப்பர்? ஹாவாட் இருக்கையில் அமர்த்தப்பட்டவர் மார்த்தா ஆன் செல்பி என்னும் அமெரிக்க அறிஞர். பிறப்பால் தமிழரல்லாத ஒருவர் சங்க இலக்கியத்துக்குத் தம் வாழ்நாளை ஒப்படைத்துள்ளார்; அது தமிழுக்குப் பெருமையே. வெட்கம் வேறிடத்தில் இருக்கின்றது. தமிழ் உயர வேண்டும், ஆனால் அதனை உயர்த்தும் வேலையை அடுத்த வீட்டுப் பிள்ளை செய்யட்டும் என்று எண்ணும் மனத்தில் இருக்கின்றது.

எழுத்தால் திறந்த கதவுகள்

கலைத்துறையில் எதிர்காலம் இல்லை என்போர் சிட்னியையே உற்று நோக்கலாம். அங்கு வாழும் ஈழத்தமிழ்ச் சட்டத்தரணி சங்கரி சந்திரன், அவுஸ்திரேலியாவின் மிக உயர்ந்த இலக்கியப் பரிசான மைல்ஸ் பிராங்ளின் விருதை 2023 இல் வென்றார். மேற்குச் சிட்னியின் எஸ். சக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அன்ட் கிராக்கிங்' நாடகம் 2019 இல் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறியது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் பல தலைமுறைக் கதையைச் சொல்லும் அந்நாடகம், 2020 இல் விக்ரோறிய இலக்கியப் பரிசைப் பெற்றது. ஆர்ப்பாட்டங்களிலும் மனுக்களிலும் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டும் கேட்கப்படாத ஒரு வரலாறு, ஒரு மேடையில் மூன்று மணி நேரத்துக்கு மேலாக அவுஸ்திரேலிய மக்களால் கண்ணீரோடு கேட்கப்பட்டது.

இப்பாதை எளிதானதன்று என்பதையும் மறைக்கத் தேவையில்லை. சங்கரி சந்திரனின் முதல் நாவல் அவுஸ்திரேலியப் பதிப்பாளரால் ஏற்கப்படாமல் முதலில் இலங்கையிலேயே அச்சானது. சிட்னியில் வாழ்ந்து 2014 இல் மறைந்த எஸ்.பொ. எனப்படும் எஸ். பொன்னுத்துரை, ஈழத்து இலக்கியத்தின் பெருங்குரலாக இருந்தும், செல்வத்தைச் சேர்த்தவராக அறியப்படவில்லை. எழுத்து சோறு போடுமா என்ற கேள்வி நேர்மையான கேள்வியே. அதற்கு நேர்மையான விடையும் உண்டு. கனடாவில் வாழும் எழுத்தாளர் அ. முத்துலிங்கம் பட்டயக் கணக்காளர். சங்கரி சந்திரன் சட்டத்தரணி. தொழிலும் எழுத்தும் ஒருவரிடமே வாழலாம். ஒன்றைக் கொன்றுதான் மற்றொன்று வாழ வேண்டும் என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை.

இளையோரும் விலக்கல்லர்

குற்றம் முழுவதையும் பெற்றோர் தலையில் சுமத்திவிட்டு இளையோர் தப்பிவிடவும் முடியாது. "எனக்குப் பிடித்ததைப் படிப்பேன்" என்பது உரிமை. ஆனால் பிடித்ததில் உழைக்காதிருப்பது சோம்பல். ஊடகக் கல்விக்குச் சேர்ந்துவிட்டு ஒரு நாளிதழைக்கூட முழுமையாகப் படிக்காதவர்கள் உள்ளனர். தமிழர் உரிமை பற்றி ஆங்கிலத்தில் ஆவேசமாகப் பேசியும், பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாதவர்கள் உள்ளனர். மொழியைக் கற்பது பொறியியலைவிட இலகுவானது என்ற எண்ணமும் அதே படிவரிசையின் மறுபக்கமே. ஒரு சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு வேண்டிய கட்டுப்பாடு, ஒரு நல்ல பந்தியை எழுதுவதற்கும் வேண்டும்.

பொறியியல் படிப்போருக்கும் இது பொருந்தும். அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நிறுவனம் புதிய பட்டதாரிக்கு வரையறுத்துள்ள பதினாறு தகைமைகளில், துறைசார்ந்தோரிடமும் பொதுமக்களிடமும் தெளிவாகப் பேசவும் எழுதவும் வல்ல ஆற்றலும் ஒன்றாகும். பாலம் ஏன் விரிசல் கண்டது என்று அமைச்சருக்கும் ஊர்மக்களுக்கும் விளக்க முடியாத பொறியியலாளர் தம் தொழிலிலேயே பாதியைக் கல்லாதவர். வணிகத் தொழினுட்பம் படிப்போரின் நிலையும் அதுவே. மனிதர் எவ்வாறு எண்ணுகின்றனர், எதனை நம்புகின்றனர் என்பதை அறியாமல் எந்தச் செயலியும் சந்தையில் நிலைக்காது; அந்த அறிவைப் புகட்டும் பழைய பள்ளியே இலக்கியம்.

படிக்கவே வழியற்ற பிள்ளைகள்

எந்தத் துறை என்று வாதிடுவதே ஒரு வசதிதான். அவ்வசதி இல்லாத தமிழ்ப் பிள்ளைகளும் இதே நகரங்களில் உள்ளனர் என்பதைச் சமூகம் மறந்துவிடுகின்றது.

படகேறி வந்து ஆண்டுக்கணக்கில் இடைக்கால விசாவில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள், இங்குள்ள பாடசாலைகளிலேயே படித்து, இங்குள்ள பரீட்சையிலேயே சித்தியடைந்தாலும், பல்கலைக்கழக வாசலில் சர்வதேச மாணவராகவே கருதப்படுகின்றனர். அரச ஆதரவு இடமும் இல்லை. கல்விக் கடனும் இல்லை. முழுக் கட்டணமே உண்டு. 2023 மாசி மாதத்தில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தோருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறக்கப்பட்டது. ஆனால் விரைவு நடைமுறையில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். சில பல்கலைக்கழகங்கள் புகலிடம் கோருவோருக்குப் புலமைப்பரிசில் வழங்குகின்றன; அவை சிலருக்கே எட்டுகின்றன.

பேராதனை வாசலில் 23 புள்ளியால் நிறுத்தப்பட்ட தலைமுறையே இதனை முதலில் உணர்ந்திருக்க வேண்டும். வாசலில் நிறுத்தப்படுவதன் வலி என்னவென்று அதற்குத் தெரியும். அத்தலைமுறை தன் பிள்ளையின் பட்டமளிப்புக்கு மண்டபம் பிடித்து விருந்து வைக்கும் அதே நகரில், வேறொரு தமிழ்ப் பிள்ளை தகுதியிருந்தும் தொழிற்சாலை இரவு வேலைக்குச் செல்கின்றது.

செய்ய வேண்டியவை

கண்டனத்தோடு நின்றுவிடுவதால் பயனில்லை. செய்யக்கூடியவை கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன.

முதலாவது, "இதுவா, அதுவா" என்ற கேள்வியைக் கைவிட வேண்டும். மொனாஷ், நியூ சவுத் வேல்ஸ், சிட்னி ஆகிய பல்கலைக்கழகங்களில் பொறியியலையும் கலைப் பட்டத்தையும் இணைத்துப் படிக்கும் இரட்டைப் பட்டங்கள் உள்ளன. மெல்பேர்ண் பல்கலைக்கழகம் 2008 இலிருந்தே தன் இளநிலை மாணவர் பிற துறைப் பாடங்களையும் கற்க வேண்டும் என்ற முறையைக் கைக்கொண்டுள்ளது. பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து இவற்றின் பாட விவரங்களைப் படிக்க வேண்டும். அயலவரின் பிள்ளை எங்கு சேர்ந்தது என்பதைப் படிக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பணக்கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். குடியுரிமை பெற்றோருக்கே கல்விக் கடன் வசதி முழுமையாக உண்டு. நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளோரிற் பெரும்பாலானோர் அரச ஆதரவு இடம் பெற்றாலும் தம் பங்கை முன்கூட்டியே செலுத்த வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் பிள்ளையின் பதினெட்டாம் வயதில் திகைக்கும் குடும்பங்கள் பல. தமிழ்ச் சங்கங்கள் கலைவிழாவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம்.

மூன்றாவது, சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் ஊடகம், மொழியியல், வரலாறு, கணினித் தமிழ் ஆகியவற்றைப் படிக்கும் மாணவருக்கெனப் புலமைப்பரிசில்கள் ஏற்படுத்த வேண்டும். மருத்துவ பீடம் சென்ற பிள்ளையை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும் கைகள், முதற் கட்டுரையை வெளியிட்ட பிள்ளைக்கும் அதே பொன்னாடையைப் போர்த்த வேண்டும். சமூகம் எதனைப் பாராட்டுகின்றதோ அதையே பிள்ளைகள் விரும்புவர்.

நான்காவது, அதே நிதியில் ஒரு பங்கு, விசாக் காரணத்தால் கல்வி மறுக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்குச் செல்ல வேண்டும். இது தருமம் அன்று, கடமை.

ஐந்தாவது, தமிழ் பரீட்சையோடு முடிந்துவிடலாகாது. தமிழ்ப் பாடசாலையில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த இளையோர், மறு ஆண்டே அங்கு உதவியாசிரியராகவோ, வானொலியில் செய்தி வாசிப்பவராகவோ, எண்ணிம நூலகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவராகவோ தொடர வழி செய்யப்பட வேண்டும்.

ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பாலம் கட்டுவோரும் வேண்டும். நோய் தீர்ப்போரும் வேண்டும். கணக்குப் பார்ப்போரும் வேண்டும். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதி வைப்போரும் வேண்டும். எழுதி வைப்போரை வளர்க்காத சமூகத்தின் கதையை, வேறு எவரோ தமக்கு வேண்டியவாறு எழுதுவர். அப்போது வீடுகளின் சுவர்களில் தொங்கும் பட்டச் சான்றிதழ்கள் அந்தப் பிழையைத் திருத்த உதவமாட்டா. இந்த மார்கழியிலும் முடிவுகள் வெளிவரும். அந்த எண்ணைப் பார்த்த பின்னர் பெற்றோர் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எதைக் கற்க விரும்புகின்றாய்?" என்பதே. விடையை முழுமையாகக் கேட்ட பிறகு அறிவுரை சொல்ல நேரம் நிறையவே இருக்கின்றது.